பெட்டிக்குத் தெரிந்த மழை

பாட்டிலைக் கவிழ்த்து ஸ்டாண்டில் மாட்டி, அடியில் இருந்த பித்தளைத் திருகை லேசாகத் திறந்துவிட்டு, பவுன்ராஜ் புல்லில் குத்தவைத்து உட்கார்ந்தான். இனிமேல் வேலை என்று தனியாக எதுவும் கிடையாது. காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. மழைமானியின் வாய்க்குள் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். உள்ளே பிள்ளைகள் ஆடுகிற சீசா மாதிரி இரண்டு குட்டிக் கிண்ணங்கள். ஒன்று நிறைந்ததும் டிக்கென்று கவிழ்ந்து மற்றதை மேலே தூக்கிவிடும், அது நிறைந்ததும் இது மேலே வரும். ஒவ்வொரு டிக்கையும் அவன் எண்ண வேண்டும். அளந்து ஊற்றிய தண்ணீருக்கு இத்தனை டிக் என்று ஒரு கணக்கு உண்டு. கூடினாலும் குறைந்தாலும் கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் திருகுகளைத் திருகித் திருகி அதை வழிக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு வேகமாக விட்டால் கிண்ணம் தடுமாறிவிடும். ஆகவே ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற வேகம்தான். இன்ஜினியர் மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மாமனார் இதைப் பார்த்தால் என்ன சொல்வார். உடன்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, மலைமேல் உட்கார்ந்து சொட்டு எண்ணுகிறான் மாப்பிள்ளை. டிக். ஏழு. இல்லை, எட்டா? எட்டுதான். வெயில் சுள்ளென்று முதுகில் அடித்தது. இந்த வெயிலைப் பார்த்துவிட்டு இன்றைக்கு ராத்திரியிலிருந்து இரண்டு நாளைக்குப் பேய்மழை என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். ஆனால் ஆபீஸிலிருந்து கனகசபை சார் காலையில் அதைத்தான் சொன்னார். “ராத்திரி மழை பிடிச்சுரும் பவுன்ராஜ். அதுக்குள்ள அந்த மழைமானியை ஒழுங்கு பண்ணிட்டு இறங்கிருங்க. இந்தத் தடவை சொதப்புனா கீழ எஸ்டேட் லைன் வீடுகள்ல யாரும் நம்ம மூஞ்சில முழிக்கமாட்டாங்க.” சரி சார் என்றுதான் சொன்னான். வேறு என்ன சொல்ல முடியும்.

டெஸ்ட் மோடு போட்டோமா? எங்கிருந்து வந்தது இந்தக் கேள்வி என்று அவனுக்கே தெரியவில்லை, ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் புகுந்துவிட்டது. போட்டிருப்போம். மேலே பாறைக்குப் பக்கத்தில் கம்பத்தில் இருக்கிற, கணக்கைப் பதிகிற லாகர் பெட்டிக்குத்தான் முதலில் போனான், பூட்டைத் திறந்தான், பேட்டரியைப் பார்த்தான், உள்ளே குடியேறியிருந்த எறும்புகளை ஊதித் தள்ளினான். அந்தப் பெட்டிக்கு மழைமானி சொல்வதுதான் வேதம். இங்கே ஒரு டிக் விழுந்தால் மண்ணுக்கடியில் குழாயில் ஓடுகிற ஒயர் வழியாக அங்கே ஒரு கணக்கு ஏறும். விழுந்தது மழையா, பவுன்ராஜ் பாட்டிலில் கொண்டுவந்த குழாய்த் தண்ணீரா என்று அதற்குத் தெரியாது. மழைமானியின் வாய் சின்னது, அதற்குள் ஒரு பாட்டில் தண்ணீர் போனாலே பெட்டியின் கணக்கில் அது மலையைக் கரைக்கிற மழை. அதனால்தான் சோதனைக்கு முன்னால் பெட்டியில் டெஸ்ட் மோடு பட்டனை அழுத்த வேண்டும், பச்சை விளக்கு மஞ்சளாக மாறும், அதற்கப்புறம் எவ்வளவு கொட்டினாலும் பெட்டி வாயைத் திறக்காது. அழுத்தாவிட்டால் கால் மணிக்கொருதரம் அது வானத்திலிருக்கிற சாட்டிலைட்டுக்குச் செய்தி அனுப்பும், அளவு தாண்டியிருந்தால் கீழே லைனில் மண்சரிவு அபாயச் சங்கு ஊதும். நடுவில் மனிதன் கிடையாது. மனிதன் இருந்தால் தூங்கிவிடுகிறான், டீ குடிக்கப் போய்விடுகிறான் என்று அவனை எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவர்களில் பவுன்ராஜும் ஒருவன். டிக். மஞ்சள் விளக்கு எரிந்தது, அவனுக்குக் கண்ணில் நிற்கிறது. ஆனால் அது இன்றைக்கு எரிந்ததா? போன மாதம் எரிந்ததா? இத்தனை வருஷத்தில் அவன் அழுத்திய எல்லா மஞ்சள் விளக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, இன்றைய விளக்கை மட்டும் தனியாக உருவ முடியவில்லை. எறும்பை ஊதினான், அப்புறம் கழுத்தில் ஏதோ குளிர்ந்தது, கையை வைத்தால் அட்டை. உப்பு முடிச்சை எடுத்து அதன்மேல் வைத்து, அது சுருண்டு விழுந்து, ரத்தம் காலருக்குள் இறங்க, கைக்குட்டையால் அமுக்கிக்கொண்டு கதவைச் சாத்திப் பூட்டினான். பட்டன் அட்டைக்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால் போட்டாயிற்று. பின்னால் என்றால், பின்னால் பூட்டியதுதான் இருக்கிறது.

எழுந்து போய்ப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. தேயிலைக்கு நடுவில் வளைந்து வளைந்து ஏறுகிற ஒற்றையடிப் பாதை, மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஆனால் போனால் எண்ணிக்கை போச்சு, திருகை மூட வேண்டும், மறுபடி அளந்து ஊற்றி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மழையோ வருகிறது. அதுவும் சும்மா ஒரு சாக்குதான் என்று அவனுக்குத் தெரியும். உண்மையான காரணம் பெண்டாட்டி ஜெபக்கனி. கல்யாணமான புதிதில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு, பூட்டைப் பூட்டினோமா என்று திரும்பி ஓடி வருவான். பூட்டியிருக்கும். இழுத்துப் பார்ப்பான், தொங்கிப் பார்ப்பான், மறுபடி பஸ் ஸ்டாண்டு, மறுபடி கேஸ் மூடினோமா. ஒருநாள்கூட எதுவும் திறந்து கிடந்ததில்லை. இதனாலேயே அவள் தங்கச்சி கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். அவள் அன்றைக்குத் திட்டவில்லை, மண்டபத்து வாசலில் நின்று அழுதாள். அதற்கப்புறம்தான் சட்டம் போட்டாள்: “இனிமே சந்தேகம் வந்துச்சுன்னா திரும்பிப் போகக் கூடாது. அப்படியே கல்லு மாதிரி உக்காந்துக்கிடுங்க. அதுவா வந்துச்சு, அதுவா போயிரும்.” வந்தது போகிற வரைக்கும் உட்கார்ந்து பழகினான். முதலில் வியர்த்துக் கொட்டியது, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிப்போனது. இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் தெரிந்த கடன்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். இதுவும் அதுதான். அதே முகம், அதே குரல். பட்டன் அழுத்தியிருப்பாய், நீ அழுத்தாமல் இருந்ததே இல்லை. டிக். இருபத்து என்ன? எண்ணிக்கை கையை விட்டுப் போய்விட்டது. சரி, பெட்டியிலேயே கணக்கு இருக்கும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். நினைத்த அதே நொடியில், டெஸ்ட் மோடு போட்டிருந்தாலும் கணக்கு இருக்கும், போடாவிட்டாலும் இருக்கும், இரண்டுக்கும் வித்தியாசம் கீழே லைனில்தான் தெரியும் என்றும் தோன்றியது.

கீழே லைனில் தனபாக்கியம் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள். மதியம் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து புருஷனுக்குக் கஞ்சி கொடுத்திருப்பாள். பெரியண்ணனுக்கு வலது கை, வலது கால் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. தூக்கி உட்காரவைத்தால் உட்காருவார், சாய்த்தால் சாய்வார். சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் அந்த லைனில் இருக்கிற எல்லாரும். மலைச் சரிவுக்கு நேர் கீழே ஓட்டுவீடுகள், மேலே மண் நகர்ந்தால் முதலில் போகிறது அதுதான். முதல் தடவை சங்கு ஊதியபோது அடித்துப் பிடித்து எல்லாரும் சரிவைவிட்டுத் தள்ளியிருக்கிற ஸ்கூலுக்கு ஓடினார்கள், பெரியண்ணனை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு. மழை தூறலோடு நின்றுவிட்டது. எலி ஒயரைக் கடித்திருந்தது. இரண்டாவது தடவை இன்னும் மோசம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, பெட்டி கொட்டுகொட்டென்று கொட்டுவதாகச் சொல்கிறது, சங்கு அலறுகிறது. இவன் ஓடிவந்து பார்த்தால் ஒரு காட்டெருமை மழைமானிக் கம்பத்தில் முதுகைச் சொறிந்துகொண்டிருக்கிறது, அது சொறியச் சொறிய உள்ளே கிண்ணம் ஆடுகிறது, டிக் டிக் டிக் என்று மழை. அன்றிலிருந்து லைனில் அதற்கு எருமை மழை என்று பேர். இவனைக் கண்டாலே பொடிசுகள் மூக்கை நீட்டி முக்காரம் போடும். சிரிக்கலாம், அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அந்த நாள் முழுக்க ஸ்கூல் வராந்தாவில் ஈரச் சிமெண்டில் உட்கார்ந்ததில் பெரியண்ணனுக்குச் சளி கட்டி, மூச்சு இழுத்து, பிழைத்ததே பெரும்பாடு. கம்பத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டு பவுன்ராஜ் வீடு வீடாகப் போனான். யாரும் உட்காரக்கூடச் சொல்லவில்லை. தனபாக்கியம் மட்டும் டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“தம்பி, ஒன்னு கேக்குறேன், கோச்சுக்காத. இந்த மனுசன நான் எத்தன தடவ தூக்க முடியும்? தூக்க வர்றவனுங்களும் இனிமே வரமாட்டேங்குறானுங்க. அடுத்த தடவ ஒங்க சங்கு ஊதுனா நான் என்னான்னு நெனைக்கட்டும்?”

“அக்கா, இனிமே ஊதுனா அது நெசம்தான்க்கா. நானே நேர்ல வந்து அந்த மானியச் சரிபார்க்கேன். நான் பார்த்துட்டேன்னா அதுக்கப்புறம் தப்பா ஊதாது.”

“நீ பாக்குறியா?”

“நான்தான்க்கா பாக்கப்போறேன்.”

“அப்ப சரி. நீ சொல்றன்னா நான் கெளம்பிருவேன். மத்தவங்க வரட்டும், வராமப் போகட்டும்.”

அவளுக்கு அவன் மேல் ஏன் அந்த நம்பிக்கை என்று அவனுக்கு இன்றுவரை புரியவில்லை. டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்ததாலா? அக்கா என்று கூப்பிட்டதாலா? சும்மா இருந்த மனுஷியிடம் போய் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தானே, அந்த வாக்கின்மேல்தான் இப்போது தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது. டிக். பொய்யாக ஊதினால் என்ன ஆகும்? அவள் ஒருத்தி கிளம்புவாள், வெயிலில் நிற்பாள், எல்லாரும் சிரிப்பார்கள். அதோடு போகாது. ராத்திரி மழை நிஜமாகப் பிடிக்கும், நிஜமாகச் சங்கு ஊதும், அப்போது அவளும் கிளம்பமாட்டாள். இந்த மலைக்குக் கீழே சங்கை நம்புகிற கடைசி ஆள் அவள். அவளும் போய்விட்டால் அந்தச் சங்கும் கோயில் ஸ்பீக்கரும் ஒன்றுதான். இந்த நினைப்பு வந்த பிறகு கல்லு மாதிரி உட்கார முடியவில்லை. ஜெபக்கனி, இது பூட்டு இல்லை. பூட்டு திறந்து கிடந்தால் இரண்டு பாத்திரம் போகும். ஆனால் இப்படித்தான், ஒவ்வொரு தடவையும் இது பூட்டு இல்லை என்றுதான் தோன்றும், ஒவ்வொரு தடவையும் கடைசியில் பூட்டாகத்தான் இருக்கும். உட்கார். எழுந்தால் மறுபடி பழைய பவுன்ராஜ், பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி ஓடி வருகிறவன், மண்டபத்து வாசலில் பெண்டாட்டியை அழவைத்தவன். இன்றைக்குத்தான் மனசு இவ்வளவு அலைகிறது, இன்றைக்கு ஜெயித்துவிட்டால் இனி எப்போதும் ஜெயித்த மாதிரி. பாட்டிலில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. கழுத்தில் அட்டை கடித்த இடம் அரித்தது. கையை வைத்துப் பார்த்தான், ரத்தம் இன்னும் கசிந்துகொண்டுதான் இருந்தது. விரலில் ஒட்டிய அந்தச் சிவப்பைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது, மஞ்சள் இல்லை, பச்சை. கைக்குட்டையைக் கழுத்தில் அமுக்கிக்கொண்டு இடது கையால் கதவைச் சாத்தினான், சாத்துகிறபோது இடுக்கில் தெரிந்தது பச்சை. தெரிந்ததா? பச்சைதான். பச்சையாக இருந்தால் என்று இழுக்க இனி ஒன்றும் இல்லை, பச்சையேதான்.

திருகை மூடினானா இல்லையா என்றுகூடத் தெரியாமல் எழுந்து ஓடினான். தேயிலைச் செடி காலைக் கிழித்தது, ஷூ வழுக்கியது, ஒருமுறை கையை ஊன்றி விழுந்து எழுந்தான். ஓடும்போதே போனை எடுத்துப் பார்த்தான், டவர் இல்லை, இந்த மலை மடிப்பில் என்றைக்கு இருந்தது. மனுஷனுக்கு டவர் கிடையாது, பெட்டிக்கு மட்டும் நேராக வானத்தோடு பேச்சு. சாவி துவாரத்தில் போகவில்லை, இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக் கதவைத் திறந்தான். பச்சை. அமைதியாக, ஒரு குறையும் இல்லாத பிள்ளை மாதிரி பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்னத் திரையில் அவன் எண்ணாமல் விட்ட டிக்குகளெல்லாம் ஒன்றுவிடாமல் கூட்டிப் போட்டிருந்தது. பெட்டி எண்ணுவதில் தப்புவதில்லை, அதற்கு ஜெபக்கனியும் இல்லை, தங்கச்சி கல்யாணமும் இல்லை. அளவு தாண்டிய இடத்தில் சிவப்புக் கோடு, அதன் பக்கத்தில் அனுப்பப்பட்டது என்று இரண்டு அம்புக்குறி. பட்டனை அழுத்தினான். விளக்கு மஞ்சளாகியது. எதற்கு அழுத்தினான் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. போனதைத் திருப்பிக் கூப்பிட இந்தப் பெட்டியில் வழி கிடையாது, வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. கீழே இறங்கிப் போய்ச் சொல்லலாம், சோலையைச் சுற்றிப் போகிற பாதையில் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய், தூங்குகிற டிரைவரை எழுப்பி, அங்கிருந்து இறங்கி, அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஒருவேளை அங்கே கரண்ட் போயிருக்கலாம். சங்கு ரிப்பேராக இருக்கலாம். ஆண்டவரே, அந்தச் சங்கு ரிப்பேராக இருக்கட்டும் என்று அவன் நிஜமாகவே ஜெபம் பண்ணினான், சங்கு ரிப்பேராக வேண்டும் என்று ஜெபிக்கிற நிலைமைக்கு வந்த முதல் இன்ஜினியர் அவனாகத்தான் இருப்பான்.

சங்கு ஊதியது. கீழேயிருந்து எழுந்து, எதிர் மலையில் மோதி, இரண்டாகத் திரும்பி வந்தது. பாறை நுனிக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தான். கீழே லைன் முழுசாகத் தெரிந்தது, ஓடுகள், துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி. ஒருத்தரும் வெளியே வரவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த துணியை எடுத்து உதறினாள். தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆண்கள் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். அவனுக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது, அப்பாடா, யாரும் நம்பவில்லை என்று. அந்த நிம்மதியை நினைத்து அடுத்த நொடியே உடம்பு கூசியது. கடைசி வீட்டுக் கதவு திறந்தது. முதலில் தனபாக்கியத்தின் முதுகு வந்தது, அப்புறம் அவள் பின்பக்கமாகவே நடந்து இழுத்த நாற்காலி வந்தது. பெரியண்ணனைத் துண்டால் நாற்காலியோடு கட்டியிருந்தாள். ஒருத்தியாக இழுத்தாள். நாற்காலியின் பின்கால்கள் மண்ணில் கோடு கிழித்தன. கொஞ்சம் இழுப்பாள், நிற்பாள், முந்தானையால் முகத்தைத் துடைப்பாள், மறுபடி இழுப்பாள். தொட்டிப் பக்கம் இருந்தவர்களில் ஒருவன் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தது தெரிந்தது. அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். வெயில். ஒரு கணம் நின்றுவிட்டாள். திரும்பிப் போயிரு அக்கா, போயிரு, இந்த ஒரு தடவை என்னை நம்பாதே. அவள் மலையைப் பார்த்தாள், பாறை நுனியில் ஆரஞ்சுச் சட்டை போட்டு நிற்கிறவனைப் பார்த்துவிட்டாள். பவுன்ராஜ் கத்தினான். அவன் குரல் சங்குக்குள் போய் அமுங்கியது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, வேண்டாம், உள்ளே போ, பொய், பொய் என்று மாற்றி மாற்றி வீசினான். உடம்பில் இருந்த பலமெல்லாம் சேர்த்து வீசினான். தனபாக்கியம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தொட்டிப் பக்கம் திரும்பி, கையை நீட்டி அவனைக் காட்டினாள். உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்தார்கள். நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்தார்கள். மலைமேல் ஒரு ஆள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு குதித்தால் கீழே இருக்கிறவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். துணி காயப்போட்டவள் கூடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஆட்டை அவிழ்த்துக்கொண்டு, மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், சிரித்தவர்களில் நாலு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு கால் பிடித்துப் பெரியண்ணனின் நாற்காலியைத் தோளுக்குத் தூக்கினார்கள். லைன் மொத்தமும் ஸ்கூல் பாதையில் இறங்கியது. பவுன்ராஜ் கைகளை இறக்கினான். நாற்காலியின் முன்கால் பிடித்திருந்தவன் ஒரு கையை விடுவித்து அவனைப் பார்த்து ஆட்டினான், புரிந்துவிட்டது, கிளம்பிவிட்டோம் என்று.